முற்றிய வெண்டைக்காய், முட்டை ஓடு, பழைய காலண்டர்: சின்னக் குழந்தைகளோடு வீட்டில் வண்ணம் தீட்ட முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து பெரியவர்கள் தலை சாய்க்கப் போகிற நேரத்தில்தான் குழந்தைகளுக்கு எங்கிருந்தோ தெம்பு வரும். அந்த நேரத்துக்கென்றே எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. தயிர் கப், செருப்புப் பெட்டியின் மூடி, தேய்ந்த டூத் பிரஷ், பூக்கட்டி மீந்த நூல், கல்யாணப் பத்திரிகை, போன வருடக் காலண்டர் என்று குப்பைக்குப் போகவேண்டியதில் பாதி அதற்குள் போய்விடும். என் மகள், தம்பி பிள்ளைகள் இரண்டு பேர், பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன். இவர்களோடு நான்கு வருடமாக வண்ணம் தீட்டி வருகிறேன். மிகச் சின்னவனுக்கு இரண்டு வயது, மூத்தவளுக்கு ஆறு.

இத்தனை சனிக்கிழமைகளில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். நம் வேலையெல்லாம் வண்ணப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வெட்டுவது, கழுவுவது, காயவைப்பது, தரையில் விரிப்பது எல்லாம் நம் பொறுப்பு. தாளில் முதல் வண்ணம் விழுந்த பிறகு நம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கீழே உள்ள ஒவ்வொன்றிலும் பெரியவர் செய்வது எது, குழந்தை செய்வது எது என்று அதனால்தான் பிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

பெட்டியில் எதைச் சேர்ப்பது, எதைச் சேர்க்கக் கூடாது

தாளிலிருந்து தொடங்கலாம். கடைகளில் கொடுக்கும் மாதக் காலண்டரின் பின்பக்கம் பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். தாளும் கனமானது, ஈரத்துக்குச் சுருளாது. சின்னக் குழந்தைக்கு ஏ4 தாள் போதாது, கை முழுவதும் வீசித்தான் தீட்டுவார்கள். அதற்கு இந்தப் பெரிய தாள்தான் சரி. கல்யாணப் பத்திரிகையின் உள்பக்கம், கூரியர் பெட்டியின் அட்டை, புதுச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டை எல்லாம் உதவும். சாமி படம் போட்ட தாள்களை நான் தனியே எடுத்து வைத்துவிடுவேன். குழந்தைகள் அதன்மேல் காலை வைத்தால் வீட்டுப் பெரியவர்கள் மனம் சங்கடப்படும், விளையாட்டு நடுவில் நின்றுபோகும்.

தூரிகைக்குக் கடைக்குப் போகத் தேவையில்லை. இரண்டு மூன்று வயதில் குழந்தை தூரிகையை விரல்களால் பிடிக்காது, உள்ளங்கை முழுவதும் பொத்திப் பிடிக்கும். மெல்லிய தூரிகை அந்தப் பிடிக்கு அடங்காது. துணி உலர்த்தும் கிளிப்பில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டைக் கவ்வவிட்டால் அருமையான தூரிகை. தேங்காய் நாரை ஒரு பிடி எடுத்து நுனியைச் சமமாக நறுக்கி, அடியை நூலால் இறுக்கிச் சுற்றினால் இன்னொரு தூரிகை. நாரின் கோடு தடித்தும் மெலிந்தும் விழும். கடைத் தூரிகையில் அது வராது.

இனி வேண்டாதவை. மருந்து, ஃபினாயில், பூச்சி மருந்து இருந்த எந்த டப்பாவும் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். தகர டப்பாவின் வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். வீட்டுக்கு அடித்து மீந்த எனாமல் பெயிண்ட்டைக் குழந்தைகளிடம் கொடுக்கவே கூடாது. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. பரணில் பல வருடமாகக் கிடக்கும் டப்பா அதற்கு முந்தையதாக இருக்கலாம். புதியதானாலும் எனாமலின் ஆவி குழந்தைக்கு ஆகாது, கையில் பட்டால் சோப்புக்கும் போகாது.

மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் பாட்டில் மூடி, பட்டன், கோலிக்குண்டு எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பொம்மைகளின் பாதுகாப்பைச் சோதிக்கப் பயன்படும் குழாயின் குறுக்களவு சுமார் 32 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கலாம் என்று கணக்கு. நம் 10 ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர்தான். அதைவிட ஒரு சுற்றுப் பெரிதான பொருளும் ஆபத்துதான் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணம்: மூன்று மாவுப் பதம்

நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தண்ணீரில் கரையும் போஸ்டர் கலர் போதும். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை இந்த நான்கும் இருந்தால் மற்றதைக் குழந்தைகளே கலந்து கண்டுபிடிப்பார்கள். அக்ரிலிக் காய்ந்துவிட்டால் துணியை விட்டுப் போகாது, அதனால் நான் இந்த வயதுக்கு வாங்குவதில்லை. கோலத்துக்கு வாங்கும் கலர்ப்பொடியையும் கலக்க வேண்டாம். அது வாய்க்குப் போகலாம் என்று நினைத்துச் செய்யப்பட்டதல்ல.

எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதுக்கு வீட்டிலேயே வண்ணம் காய்ச்சலாம். மைதா 4 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தண்ணீர் ஒரு டம்ளர். கால் டம்ளர் தண்ணீரில் மைதாவையும் உப்பையும் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மீதித் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பைக் குறைத்துக் கரைசலை ஊற்றிக் கிளறுங்கள். நாலைந்து நிமிடத்தில் பசை பளபளவென்று கண்ணாடி போல வரும். அப்போது இறக்கி ஆறவிட வேண்டும். கொஞ்சம் பசையைத் தனியே எடுத்து வையுங்கள், பின்னால் ஒட்டுவதற்கு வேண்டும். சோறு வடிக்கும் வீடானால் இந்த வேலையே வேண்டாம். கெட்டியான வடிகஞ்சி ஆறியதும் அதே பதத்துக்கு வந்துவிடும்.

பசையைத் தயிர் கப்புகளில் பிரித்து வண்ணம் சேருங்கள். மஞ்சள்தூள் மஞ்சளுக்கு. துருவிப் பிழிந்த பீட்ரூட் சாறு இளஞ்சிவப்புக்கு. அரைத்துப் பிழிந்த கீரை பச்சைக்கு. கெட்டி டிகாஷன் மண்நிறத்துக்கு. சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் நீலம், அதில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் ஊதாவாக மாறும். மஞ்சள் கப்பில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுக் கலக்கச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் கண்ணெதிரே செந்நிறமாகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தால்தான்: மஞ்சளில் உள்ள நிறம் காரத்தன்மை பட்டால் சிவக்கும். ஆனால் சுண்ணாம்பைக் குழந்தைகள் கைக்குக் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் வெந்துவிடும். ஆப்பசோடாவே போதும்.

காய்கறி வண்ணங்கள் நிலைக்காது. பீட்ரூட்டின் நிறம் வெளிச்சத்தில் சில நாளில் வெளுத்துவிடும். எஞ்சிய பசையை ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் மூன்று நான்கு நாள் வரும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

இனிப் பதம். இதைச் சரியாகப் பிடித்தால் பாதி வெற்றி. விரலால் தீட்ட இட்லிமாவுப் பதம். அச்சுக் குத்தத் தோசைமாவுப் பதம். தெறிக்கவிட மோர்ப் பதம். கடையில் வாங்கிய போஸ்டர் கலருக்கும் இதே அளவுதான். பிளாஸ்டிக்கோ பளபளப்பான அட்டையோ ஆனால் வண்ணம் ஒட்டாமல் உருண்டு நிற்கும். அதற்கு இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும், துணியில் பட்டாலும் சீக்கிரம் போகும்.

உட்காரும் இடம்

சிமெண்ட் தரை, மாடி, திண்ணை எதுவானாலும் சரி. பழைய பெட்ஷீட்டை விரித்து, மேலே செய்தித்தாள் போட்டு, தாளின் நான்கு மூலையையும் டேப் ஒட்டுங்கள். தாள் நகர்ந்தால் குழந்தை எரிச்சலடையும், அந்த எரிச்சல் கப்பைத் தட்டிவிடும். அப்பாவின் பழைய சட்டையைப் பொத்தான் முதுகுப்பக்கம் வருமாறு திருப்பி மாட்டி, கையை மடித்துவிட்டால் கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடிவிடும். ஒரு வாளித் தண்ணீர், ஈரத்துணி, காயவைக்க ஒரு கொடியும் கிளிப்பும். கஞ்சி, மைதா வண்ணத்துக்கு எறும்பு வரும், ஆகவே தரையில் காயவைக்காதீர்கள்.

கப்பில் ஊற்றி அப்படியே கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் மொத்தமும் தாளில் கவிழும். அதற்கு ஒரு வழி: பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் புதிதாக ஒன்று வாங்கி, நனைத்துப் பிழிந்து, தட்டில் வைத்து, அதன்மேல் இரண்டு கரண்டி வண்ணம் ஊற்றுங்கள். ரப்பர் ஸ்டாம்புக்கு மை வைக்கும் பேடு மாதிரி. எவ்வளவு அழுத்தினாலும் அளவோடுதான் வண்ணம் ஏறும்.

இரண்டு வயதுக்கு: தண்ணீரும் சட்டைக் கவரும்

முதல் ஓவியத்துக்கு வண்ணமே வேண்டாம். ஒரு குவளைத் தண்ணீரும் தேங்காய் நார்த் தூரிகையும் கொடுத்து மாடிச் சிமெண்ட் தரையில் விட்டுவிடுங்கள். ஈரம் பட்ட இடம் கறுக்கும், வெயிலில் கண்முன்னே மறையும். சாயங்கால வெயிலில் இதிலேயே அரைமணி நேரம் போகும். குவளைதான், வாளி வேண்டாம். வாளித் தண்ணீர் இருக்கும் இடத்தில் இரண்டு வயதுக் குழந்தையை ஒரு நொடியும் தனியே விடக் கூடாது.

அடுத்தது, புதுச் சட்டை வரும் கண்ணாடிக் கவர். காலண்டர் தாளை அந்த அளவுக்கு வெட்டி உள்ளே நுழைத்து, தாளின்மேல் மூன்று இடத்தில் ஒவ்வொரு கரண்டி இட்லிமாவுப் பதத்து வண்ணம் வைத்து, கவரின் வாயை டேப்பால் மூடி, நான்கு பக்கமும் தரையோடு ஒட்டிவிடுங்கள். குழந்தை வெளியிலிருந்து அமுக்கும், தேய்க்கும், சில நேரம் காலால் மிதிக்கும். மஞ்சளும் நீலமும் சந்திக்கும் இடத்தில் பச்சை வரும்போது அந்த முகத்தைப் பாருங்கள். கை அழுக்காவதை வெறுக்கும் குழந்தைகளுக்கு இது நல்ல தொடக்கம். முடிந்ததும் கவரை உடனே எடுத்துவிடுங்கள், தலையில் மாட்டிக்கொள்ளும் பொருள் அது.

காய்கறி அச்சு

எங்கள் அம்மா முதலில் இதற்குச் சம்மதிக்கவில்லை. "சாப்பிடுற பொருளை வச்சு என்னடி விளையாட்டு" என்றாள். அவள் சொன்னது நியாயம் என்று எனக்கும் பட்டது. அன்றிலிருந்து சமையலுக்கு ஆகாதது மட்டும்தான் அச்சுக்கு: கத்தி இறங்காத முற்றிய வெண்டைக்காய், முட்டைகோஸின் அடித்தண்டு, கொத்தமல்லிக் கட்டின் வேர்ப்பக்கம், வாழைத்தண்டு உரித்த வெளிமட்டை, முளைவிட்ட வெங்காயம். இப்போது அம்மாவே காய் நறுக்கும்போது, "இந்தா, உன் பிள்ளைகளுக்கு" என்று எடுத்து வைக்கிறாள்.

வெண்டைக்காயைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றுக்கும் முறை அதுதான். காம்பை விட்டுவிட்டு, காம்பிலிருந்து மூன்று விரல்கடை தள்ளி ஒரே வெட்டாகக் குறுக்கே வெட்டுங்கள். அறுத்து அறுத்து வெட்டினால் முகம் மேடுபள்ளமாகி அச்சு பாதிதான் விழும். வெட்டிய முகத்தை உடனே வண்ணத்தில் வைக்காதீர்கள். வழவழப்பில் வண்ணம் வழுக்கி, பூ விழ வேண்டிய இடத்தில் வட்டமாகக் கறை விழும். துணியால் ஒற்றி, செய்தித்தாள்மேல் முகம் கீழே இருக்கும்படி பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். முற்றிய காயில் விதைகள் பெரிதாக இருக்கும். அவற்றை ஊசிமுனையால் எடுத்துவிட்டால் ஐந்து அறையும் தெளிவாகத் தெரியும்.

இதற்கப்புறம் குழந்தையின் கை. ஸ்பாஞ்சில் ஒற்றி, தாளில் நேராக வைத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, நேராகத் தூக்க வேண்டும். தேய்க்காமல் தூக்கக் கற்க நாலைந்து தடவை ஆகும். தூக்கியதும் தாளில் ஐந்து இதழ்ப் பூ.

தம்பி மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது அவள் தாள் முழுக்க இடமிருந்தும் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தாள். இருபது, முப்பது தடவை. தாள் நைந்து ஓட்டை விழுந்தது. "இந்தப் பக்கம் வைம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே நிமிர்ந்து, "சத்தம் வருது அத்தை, கேளு" என்றாள். ஈர வண்ணத்திலிருந்து காய் விடுபடும்போது ச்சப் என்று ஒரு சத்தம். நான் அதுவரை அதைக் கேட்டதே இல்லை.

கொத்தமல்லிக் கட்டை வேருக்கு மேலே வெட்டி, கலையாமல் ரப்பர் பேண்ட் போட்டுக் குத்தினால் சின்னச் சின்ன வட்டங்கள் கூட்டமாக விழும். முட்டைகோஸ் பாதி மரம் மாதிரி விழும். வெங்காயம் வளையம் வளையமாக வரும், ஆனால் கண் எரிவதால் வெட்டிய மறுநாள் கொடுங்கள். வாழைமட்டையின் குறுக்குவெட்டில் காற்றறைகள் வரிசையாக இருக்கும், அச்சு சின்ன ஏணிபோல வரும். பாகற்காயின் சுருக்கம் விளிம்பைப் பல்பல்லாகக் காட்டும். எந்தக் காய் என்ன உருவம் தரும் என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம், அவர்கள் வெட்டுமுகத்தைப் பார்த்து ஊகிக்கட்டும். வண்ணம் பட்ட காயை மாட்டுக்கோ ஆட்டுக்கோ வைக்காதீர்கள்.

பெட்டி மூடிக்குள் உருளும் எலுமிச்சை

செருப்புப் பெட்டி மூடிக்குள் அடங்குமாறு ஒரு தாளை வெட்டி ஒட்டிக்கொள்ளுங்கள். காய்ந்து கட்டியாகிப்போன எலுமிச்சை எந்தச் சமையலறையிலும் ஒன்றாவது இருக்கும். அதை வண்ணத்தில் முக்கி மூடிக்குள் போட்டு, குழந்தை இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்து உருட்ட வேண்டும். அது போகும் வழியெல்லாம் கோடு. இன்னொரு எலுமிச்சை இன்னொரு வண்ணத்தில். பெரிய பிள்ளைகளுக்குக் கோலிக்குண்டு கொடுக்கலாம், கோடு மெல்லியதாக விழும். ஆனால் சின்னவர்கள் பக்கத்தில் இருக்கும்போது எலுமிச்சையே பத்திரம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு மூடியைப் பிடித்தால் நல்ல வேடிக்கை.

தெறிக்கும் இலை

நான்கு வயதிலிருந்து. வேப்பிலை, முருங்கைக் கொத்து, செம்பருத்தி இலை எதையாவது முந்தின நாள் புத்தகத்துக்குள் வைத்துத் தட்டையாக்குங்கள். வளைந்த இலை தாளோடு படியாது, அடியில் வண்ணம் புகுந்து விளிம்பு மங்கிவிடும். தாளில் இலையை வைத்து நடுவில் ஒரு புளியங்கொட்டை பாரமாக வையுங்கள். கூட மூன்று வயதுக்குட்பட்டவர் இருந்தால் கொட்டை வேண்டாம், பின்பக்கம் துளி மைதாப் பசை தடவினால் போதும்.

டூத் பிரஷ்ஷைச் சுடுதண்ணீரில் கழுவி, மோர்ப் பதத்து வண்ணத்தில் நுனி மட்டும் தோய்த்து, ஒரு உதறு உதறிவிட்டு, தாளுக்கு நான்கு விரல்கடை மேலே பிடித்து, குச்சிகளைக் கட்டைவிரலால் தன் பக்கமாக இழுக்க வேண்டும். தன் பக்கமாக என்பது முக்கியம். குச்சி நம் பக்கம் வளைந்து எதிர்ப்பக்கம் துள்ளும், வண்ணம் தாளில் விழும். வெளிப்பக்கம் தள்ளினால் முகத்தில்தான் தெறிக்கும். காய்வதற்கு முன் இலையை எடுக்க எல்லாருக்கும் அவசரம் வரும். ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் விடுங்கள், மங்கிய விளிம்பும் ஓர் அழகுதான்.

பூக்கட்டும் நூலிலும் ஒன்று செய்யலாம். முழநீள நூலை வண்ணத்தில் நனைத்து, நடுவில் மடித்த தாளின் ஒரு பக்கத்தில் வளைத்து வளைத்துப் போட்டு, ஒரு நுனி மட்டும் வெளியே நீட்டியிருக்க, தாளை மூடி மேலே நாம் கையை அழுத்திக்கொள்ள, குழந்தை நூலை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். திறந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரிந்த ஓர் உருவம். வண்ணம் சொட்டினால் அப்பிக்கொள்ளும், நூலை இரு விரலால் வழித்துவிட்டு வையுங்கள்.

முட்டை ஓட்டில் தலையாட்டி பொம்மை

இது நான்கு நாள் வேலை. ஆனால் ஒவ்வொரு நாளும் அரைமணிக்கு மேல் ஆகாது. நாலரை வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைப் பார்க்காத தமிழ்ப் பிள்ளை குறைவு. ராஜாவும் ராணியும் ஜோடியாக கொலுவில் உட்கார்ந்திருப்பார்கள். 2008-09-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்பதன் ரகசியம் அடியில் இருக்கிறது. அடிப்பாகம் உருண்டை, பாரம் முழுவதும் அதன் அடிமட்டத்தில், மேல்பாகம் இலேசு. அதே தத்துவத்தில்தான் இந்த முட்டை பொம்மை.

முதல் நாள் வேலை பெரியவருக்கு. ஆம்லெட்டுக்கு உடைக்கும்போது முட்டையின் கூர்ப்பக்கத்தில் மட்டும் கரண்டி நுனியால் தட்டி, கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை போட்டு உள்ளிருப்பதை ஊற்றிக்கொள்ளுங்கள். ஓட்டைக் கழுவி, தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். முட்டை ஓட்டில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம், இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். வெயிலில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு மூன்று ஓடு தயார் செய்யுங்கள். ஒன்றாவது கையில் நொறுங்கும், அழுகையைத் தவிர்க்கலாம்.

காய்ந்த ஓட்டுக்குள் பாரம் ஏற்றுங்கள். களிமண்ணை மட்டும் போட்டால் காயும்போது சுருங்கி ஓட்டைவிட்டுக் கழன்று, உள்ளே லொடலொடவென்று ஆடும். எங்கள் முதல் பொம்மை அப்படித்தான் ஆனது. பிறகு களிமண்ணோடு பாதியளவு ஃபெவிகால் பிசைந்து போட்டேன், பிடித்துக்கொண்டது. களிமண் கிடைக்காத இடத்தில் ஆற்றுமணலும் ஃபெவிகாலும் சேர்க்கலாம். ஓட்டின் கால் பாகத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். பாரம் மேலே ஏற ஏற பொம்மை சோம்பலாகும், முழுக்க நிரப்பினால் சாய்ந்தபடியே கிடக்கும். ஓட்டைச் செங்குத்தாக ஒரு சின்னக் கிண்ணத்தில் நிறுத்தி, இரண்டு நாள் தொடாமல் காயவிடுங்கள். கொஞ்சம் சாய்ந்து காய்ந்தால் பொம்மை ஆயுள் முழுக்கக் கழுத்து சுளுக்கியதுபோல ஒருபக்கமாகவே நிற்கும்.

மூன்றாம் நாள் குழந்தைகள் சேர்ந்துகொள்ளலாம். செய்தித்தாளைக் கட்டைவிரல் நகத்தளவு துண்டுகளாகக் கிழிக்கச் சொல்லுங்கள். கத்தரி வேண்டாம். கிழித்த விளிம்புதான் ஒன்றின்மேல் ஒன்று படிந்து உட்காரும். எடுத்துவைத்த மைதாப் பசையைத் தடவி ஓடு முழுக்க இரண்டு சுற்று ஒட்ட வேண்டும், மேலே இருக்கும் ஓட்டையையும் மூட வேண்டும். மூன்றாவது சுற்று பழைய நோட்டின் வெள்ளைத் தாள். அப்போதுதான் செய்தித்தாளின் எழுத்து வண்ணத்தினூடே தெரியாது. கிரீடம் வேண்டுமென்றால் மெல்லிய காகிதத்தில் சின்னக் கூம்பு செய்து உச்சியில் ஒட்டலாம். அட்டையில் செய்தால் கனம் கூடித் தலை கவிழும். இப்படியே ஓர் இரவு காயட்டும்.

நான்காம் நாள் வண்ணம். தயிர் கப்பின் வாயில் பொம்மையை உட்காரவைத்தால் உருளாது, திருப்பித் திருப்பித் தீட்டலாம். முதலில் உடம்பு முழுக்க ஒரே வண்ணம். அது நன்றாகக் காய்ந்த பிறகு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் புள்ளி, கோடு, நகை. ஈரத்தின்மேல் ஈரம் வைத்தால் எல்லாம் கலந்து மண்நிறமாகிவிடும் என்பதை ஒருமுறை அவர்களே செய்து பார்த்தால் அடுத்தமுறை காத்திருப்பார்கள்.

இங்கே நான் செய்த தவறு ஒன்று. தம்பி மகள் தன் பொம்மை முழுக்கப் பச்சை அடித்து, முதுகு பூராவும் வெள்ளைப் புள்ளி வைத்தாள். முகம் வைக்கவில்லை. அவள் கை கழுவப் போன நேரத்தில், அழகாக இருக்கட்டுமே என்று நான் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு கண், ஒரு பொட்டு, சின்ன வாய் வரைந்துவைத்தேன். திரும்பி வந்தவள் ஒருகணம் பார்த்துவிட்டு, "இது என்னோடது இல்ல அத்தை" என்றாள். கோபமில்லை, அழவுமில்லை. அதைத் தொடாமல் போய்விட்டாள். அந்தப் பொம்மை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, அவள் இன்றுவரை அதை ஆட்டிப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் எந்தப் பிள்ளையின் வேலையிலும் நான் ஒரு புள்ளி வைத்ததில்லை.

பார்த்தவுடன் "இது என்ன?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். சிலதுக்குப் பெயரே இருக்காது, கேட்டால் நமக்காக ஏதாவது ஒன்றைச் சொல்லிவைப்பார்கள். "இந்த மூலையில நிறைய நீலம் போட்டிருக்கியே" என்று கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள்.

முடிந்த பிறகு

கஞ்சி, மைதா வண்ணம் தரையில் காய்ந்தால் சுரண்ட வேண்டாம், ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்தால் ஊறிவரும். மஞ்சள் கறை பட்ட சட்டையைத் துவைத்து நேர்வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது, இரண்டு மூன்று வெயிலில் பெரும்பாலும் போய்விடும். நார்த் தூரிகையைக் கழுவித் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும்.

தாள்கள் குவியும். எங்கள் வீட்டில் ஒவ்வொன்றின் பின்னாலும் பெயரும் தேதியும் பென்சிலால் எழுதிவிடுவேன். பொக்கிஷம் என்று குழந்தை தேர்ந்தெடுத்த ஐந்து மட்டும் ஒரு பழைய சேலைப் பெட்டியில் தங்கும். மற்றவை பரிசுப் பொருள் சுற்றுவதற்கு. வெண்டைக்காய்ப் பூ விழுந்த காலண்டர் தாள் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டுக்கு அட்டை போட அளவெடுத்தாற்போல இருக்கும். போன வருடம் மூத்தவள் தன் கணக்கு நோட்டுக்கு அதைத்தான் போட்டாள். வகுப்பில் யாரோ, "கடையில வாங்குனியா?" என்று கேட்டார்களாம். "வெண்டைக்காய்ல பண்ணுனேன்" என்றாளாம். அடுத்த சனிக்கிழமை வாசலில் இன்னும் இரண்டு ஜோடிச் செருப்பு கூடுதலாகக் கிடந்தது.